கம்பின் நுனியில் கரடி

கரடி இல்லை.
ஒரு நீளக் கம்பு. அதன் நுனியில்
மஞ்சள் டென்னிஸ் பந்து.
பிடித்திருப்பவன் கேலம், உச்சி முதல் பாதம்வரை பச்சை உடுப்பு,
காலையிலிருந்து ஜலதோஷம்.
‘இதுதான் கரடி. எல்லோரும் இதைப் பார்த்துப் பயப்படுங்கள்’
என்றாள் உதவி இயக்குநர்.
ஸ்கெல்டர்பி கிராமமே பயந்தது.
நாளுக்குத் தொண்ணூறு பவுன். மதியச் சாப்பாடு தனி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டின் தொப்பி
என் தலையில் அரிக்கிறது.
என் தபால் வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால்
ஒளித்துவைக்கச் சொன்னார்கள்,
அதன் சிவப்பு இந்த வருஷத்துச் சிவப்பாம்.
தெரு முழுக்கச் செயற்கைச் சேறு.
உண்மைச் சேற்றைக் காலையில்தான்
கூட்டி அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

பெல்தார்ப் குடும்பம் கூரை ஒழுகும் பெரிய வீட்டை வாங்கி
ரோஜாப் பாத்தியில் கூண்டு கட்டிய கதை இது.
கப்பலில் வந்த கரடி,
குளியல் தொட்டியில் இரண்டு பெங்குயின்கள்,
சமையல்காரி மூன்றாம் நாளே மூட்டை கட்டியது,
எல்லாம் வருகிறது.
கூடாது என்று ஊர் கூடிக் கையெழுத்துப் போட்டதும் வருகிறது.
எங்கள் முன்னோர்களாக நடிக்க
எங்களையே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
மூக்கெல்லாம் ஒத்துப்போகிறதாம்.

தேநீரில் தோய்த்துப் பழுப்பாக்கிய மனுவை
என் கையில் கொடுத்தார்கள்.
அசலைப் பார்த்து எழுதியது.
முதல் பெயர்:
ஆஸ்வின் கார்பட், இறைச்சிக் கடை.
என் அப்பாவின் பெரியப்பா.
கையெழுத்தின் வால்கூட அப்படியே,
கத்தி தீட்டுவதுபோல இரண்டு இழுப்பு.

அவருடைய கணக்கு நோட்டு என் வீட்டில் இருக்கிறது.
ஆடும் தையல் மெஷினின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்து.

*வியாழன். பெல்தார்ப். மாட்டுத் தலை இரண்டு.
ஈரல் ஆறு ராத்தல். பணம்: பிறகு.*
*வியாழன். பெல்தார்ப். எலும்பு ஒரு சாக்கு. பிறகு.*
*வியாழன். பனி. நடந்தே போனேன். பிறகு.*

நான்கு குளிர்காலம் ‘பிறகு’.
பற்று வைத்த பக்கமெல்லாம் நிறைந்திருக்கிறது.
வரவு வைத்த பக்கத்தில்
ஒரு கொழுப்புக் கறை மட்டும்.

தேநீர் வண்டியருகே
கதை எழுதியவரிடம் சொன்னேன்.
நல்ல மனிதர். விலையுயர்ந்த பூட்ஸ்.
முழுக்கக் கேட்டார்.
‘அழகு’ என்றார்.
‘ஆனால் ஆறு வாரத் தொடர், மிசஸ் கார்பட்.
யாராவது ஒருவர் எதிர்க்கத்தானே வேண்டும்?’
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.
அது உடைந்து உள்ளே விழுந்தது.
இரண்டு பேரும் கொஞ்சநேரம் கோப்பைக்குள் பார்த்தோம்.

நான்கு முறை எடுத்தார்கள்.
முதல் முறை மேகம் வந்தது.
இரண்டாம் முறை விமானம்.
மூன்றாம் முறை கேலம் தும்ம
கரடி நான்கடி எகிறிக் குதித்தது.
திருமதி பெல்தார்ப்பாக நடிப்பவள்
இடைவேளைகளில் கையுறையைக் கழற்றிவிட்டு
உருளைக்கிழங்கு வறுவல் தின்றாள்,
மிகுந்த கவனத்தோடு, ஒவ்வொன்றாக.
நாலாம் முறை
‘மிருகம் வேண்டாம்! மிருகம் வேண்டாம்!’
பக்கத்தில் பேக்கரி டெஸ்மண்ட்
நரம்பு புடைக்கக் கத்தினான்,
உண்மையிலேயே யாரோ அவன் மாவில் காலை வைத்ததுபோல.
நானும் வாயைத் திறந்தேன்.
சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி.
கலப்பை மதுக்கூடத்தில் பெரிய திரை,
உட்கார இடமில்லை.
பந்து இருந்த இடத்தில் கரடி வந்துவிட்டது.
நனைந்த ரோமம்,
கப்பலை இன்னும் மறக்காத நடை.
ஒவ்வொருவரும் தங்கள் முகத்தைக் கண்டு கூவினார்கள்.
நான் ஒன்றரை விநாடி வருகிறேன்.

ஊர் மொத்தமும் கரடியின் கண்ணைப் பார்த்து நடுங்குகிறது.
நான் மட்டும் அரையடி கீழே,
அன்றைக்குக் கேலத்தின் கை இருந்த இடத்தை,
இப்போது அதன் வாய் இருக்கும் இடத்தை.
‘என்ன பயம் உன் மூஞ்சியில்!’ என்று
டெஸ்மண்ட் என் முதுகில் தட்டினான்.

பயமா அது.
எனக்குத் தெரியாதா என் குடும்பத்துப் பார்வை?
தராசுக்குப் பின்னால் நிற்கிறவர் பார்வை.
ஆறு ராத்தல் போதுமா,
ஏழாக வைக்கலாமா.